1976 என்.சி.ஜி.ஈ பெட்ச், 50ஆவது வருட ஒன்றுகூடல்: பள்ளிக்கால நினைவுகளைத் தொகுப்பது எப்படி?

படுவான்கரை76 (கேள்வி)

வணக்கம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் 1976 டிசம்பரில் என்.சி.ஜி.ஈ (தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை) எழுதிய எங்கள் பெட்சுக்கு இந்த 2026இல் 50 வருடம் நிறைகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பேரப்பிள்ளைகளின் விடுமுறையோடு வரக்கூடியதாக ஓகஸ்டில் ஒன்றுகூடல் வைக்க எண்ணியிருக்கிறோம். காலையில் பூசை, பிறகு கல்லூரியைச் சுற்றிப் பார்த்தல், மத்தியானம் சாப்பாடு, சாப்பிட்ட பின் பழைய கதைகள். 64 பக்கத்தில் ஒரு நினைவு மலரும் போடுகிறோம்.

வாட்ஸ்அப் குழுவில் “உங்கள் பள்ளி நினைவுகளை எழுதி அனுப்புங்கள்” என்று கேட்டோம். வந்ததெல்லாம் ஒரே மாதிரி: பொற்காலம், மறக்க முடியாத நாட்கள், ஆசான்களுக்கு நன்றி. கல்லூரியின் பெயரை மாற்றிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். இன்னொரு பக்கம், யார் எந்த வருடம் படிப்பித்தார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. கையில் இருக்கும் குழுப் படங்களிலும் பாதி முகங்களுக்குப் பெயர் இல்லை.

இப்படியான மலர், ஒன்றுகூடல் வேலைகளில் அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பெட்சில் கத்தோலிக்கர், பறங்கியர், சைவர், இஸ்லாமியர், மெதடிஸ்த திருச்சபையினர் எல்லோரும் இருக்கிறார்கள். பூசையையும் சாப்பாட்டையும் எல்லோருக்கும் பொருத்தமாக எப்படி அமைப்பது என்பதும் தெரிய வேண்டும்.

மலர்க்குழு

“நினைவுகளை எழுதுங்கள்” என்று கேட்டால் யாருக்கும் பாராட்டுரைதான் வரும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள், அன்றாட ஒழுங்கைக் கேளுங்கள்.

முதலில் வரவு இடாப்பு. வகுப்பாசிரியர் காலையில் கூப்பிட்ட பெயர் வரிசை வருடக்கணக்காகக் காதில் விழுந்தது. தனிப் பெயராகக் கேட்டால் வராத ஆள், “அவனுக்கு அடுத்தது யார்?” என்று கேட்டால் வந்துவிடுவார். நாலு பேரிடம் தனித்தனியாக அந்த வரிசையைச் சொல்லச் சொல்லிக் குரல்பதிவாக வாங்குங்கள். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விடுபட்ட இடங்கள் தெரியும். இடையில் விலகிப் போனவர்கள், ஒரே தவணை மட்டும் இருந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் அகப்படுவார்கள். பெட்ச் என்றால் பரீட்சை எழுதியவர்கள் மட்டும் என்று வைக்கவேண்டாம். 6ஆம் வகுப்பில் கூட இருந்து இடம்மாறிப் போனவனுக்கும் அந்த வாங்கில் இடம் உண்டு.

அடுத்தது வகுப்பறைப் படம். ஏ3 தாளில் நாலு சுவர், கதவு, யன்னல், கரும்பலகை மட்டும் கீறி, யார் எந்த வாங்கில் இருந்தார் என்று ஒவ்வொருவரும் தனியாக நிரப்பவேண்டும். நிரப்பி முடியும்வரை குழுவில் கதைக்கக்கூடாது. முதலில் ஒருவர் உறுதியாக ஒன்றைச் சொன்னால் மற்றவர்களின் நினைவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு எது தன்னுடைய நினைவு, எது கேட்டது என்று அவர்களுக்கே பிரிக்க வராது. குழு அழைப்பில் நினைவு திரட்டினால் பொதுவாகக் கெட்டுப்போவதும் இதனால்தான். தனியாக எழுதி வாங்கிய பின் நாலைந்து பேரைச் சேர்த்துக் கதைக்க விடுங்கள். அப்போது வரும் திருத்தம் பயனுள்ளது.

கேள்விகள் சின்னதாக, கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். மணி எங்கே தொங்கியது, அடித்தது யார்? மத்தியானத் திரிகாலச் செபத்துக்கு மணி அடித்ததும் வகுப்பு எழுந்து நின்றதா, சைவப் பிள்ளைகள் அந்த நேரம் என்ன செய்தார்கள்? ஞானோபதேச பாடம் நடக்கும்போது மற்றச் சமயத்தவர் எந்த அறைக்குப் போனார்கள்? முதல் வெள்ளிப் பூசைக்கு வரிசை எந்த வாசலால் வெளியே போனது, கடைசியில் நடந்த ஆசிரியர் யார்? ஒக்டோபர் செபமாலை வகுப்பிலா, கெபியடியிலா? வருடாந்தத் தியானத்தின்போது பேசாமல் இருக்கவேண்டிய நேரம் எவ்வளவு? இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் கட்ட ஓலை எங்கேயிருந்து வந்தது? படலைக்கு வெளியே விற்ற கச்சான் எத்தனை சதம், சுருள் எந்தப் பேப்பரில்?

விடுதியில் இருந்தவர்களுக்குத் தனிக் கேள்விகள். 1973 முதல் 75 வரை நாடு முழுக்கப் பாணுக்கு வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. அந்த வருடங்களில் விடுதி மேசையில் காலையில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒரு பக்கம் நிரம்பும். வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்தவர்களிடம் திங்கட்கிழமைப் பயணத்தைக் கேளுங்கள்: மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறியது, பஸ் பிடித்தது, பெட்டி பாய் சுமந்தது. மாரியில் வாவி நிறைந்து பாதை ஓடாத நாளில் என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். பட்டணத்துப் பிள்ளைகள் அறியாத பாதிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது.

இனித் தவறுகள். நினைவில் காலம் கலந்துவிடும். மலரில் அது அச்சாகிவிடும். இந்த பெட்சுக்கு வரக்கூடியவை:

லத்தீன் பூசைக்குப் பீடப்பணி செய்ததாக ஒருவர் எழுதுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது 1962 முதல் 65 வரை. தமிழ் வழிபாட்டுக்குள் வரத் தொடங்கியதும் 60களின் நடுவில்தான். புதிய பூசை முறை வந்தது 1969–70இல். 1961ஐ ஒட்டிப் பிறந்தவர் அப்போது எட்டு ஒன்பது வயது. மேல்வகுப்பில் லத்தீனில் பதில் சொன்னதாக வந்தால் அது அண்ணன்மாரிடம் கேட்டதாக இருக்கும். பாட்டுகளும் ஆசீர்வாதமும் லத்தீனில் கொஞ்சக் காலம் தொடர்ந்திருக்கலாம். ஆகவே, முழுப் பூசையா, பாட்டு மட்டுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

மட்டக்களப்பு மறைமாவட்டம் தனியாக உருவானது 2012இல். 1976இல் இருந்தது திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டம். அந்தப் பெயரும் 1967இல் வந்தது. ஆயர் கிளெனி 1974 வரை. பின்னர் ஆயர் லியோ அன்ரனி. உறுதிப்பூசுதல் படத்துக்குக் கீழே ஆயர் பெயர் போடும்போது வருடத்தைப் பாருங்கள்.

ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது 1982. 76இல் தொலைக்காட்சியில் மச் பார்த்ததாக யாரும் எழுதினால் அது வானொலி.

என்.சி.ஜி.ஈ 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு வந்தது. 9ஆம் தரத்தின் முடிவில் எழுதியது. முதல் பரீட்சை 1975 டிசம்பர். பழைய ‘வகுப்பு’ கணக்கும் ‘தரம்’ கணக்கும் ஒன்றல்ல. அதனால் “10ஆம் வகுப்பில் படிப்பித்த சேர்” என்று ஒருவர் சொல்வதும் “9ஆம் தரத்தில்” என்று மற்றவர் சொல்வதும் ஒரே ஆளாக இருக்கலாம். மலர் முழுக்க வகுப்பைப் போடாமல் வருடத்தைப் போடுங்கள்: “1974இல் கணிதம்”. பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். 77 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு ஓ.எல்., ஏ.எல். திரும்ப வந்ததால் உயர்வகுப்பு விவரங்களை அவரவர் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதவேண்டும்.

வருடத்துக்குச் சாட்சி ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. விடுகைப் பத்திரத்தில் சேர்விலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, படித்த வகுப்பு எல்லாம் உண்டு. பழைய றிப்போட் இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பாசிரியர் கையெழுத்தும் அதிபர் கையெழுத்தும் தவணைவாரியாக இருக்கும். பத்துப் பேரின் றிப்போட்டைப் படமெடுத்துச் சேர்த்தாலே யார் எப்போது வகுப்பாசிரியர் என்ற தர்க்கம் முடியும். மதிப்பெண்களை மறைத்துவிட்டு மலரில் ஒன்றைப் போடவும் செய்யலாம். இடம்பெயர்வில் எல்லாம் தொலைந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கல்லூரியின் சேர்வு இடாப்புத்தான் வழி. பழைய மாணவர் சங்கம் ஊடாக அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள், சேர்ந்த வருடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இடாப்பை வெளியே கொண்டுபோகத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அலுவலகத்திலேயே இருந்து பெயரையும் சேர்விலக்கத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தொழில், விலாசம் மலருக்குத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பில் கூரை போகாத கட்டடம் குறைவு. பல பாடசாலைகளில் பழைய பதிவுகள் நனைந்தன. பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்க்க முயலவேண்டாம்.

கல்லூரி வரலாற்றுக்கு இரண்டு பக்கம் போதும். 1873இல் தொடக்கம், இயேசு சபையினரின் வருகை, பிரெஞ்சுக் குருமாருக்குப் பின் 40களிலிருந்து அச்சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கர்கள், விபுலானந்த அடிகள் படித்த கல்லூரி என்ற பெருமை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. மலருக்கு மலர் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. உங்கள் வகுப்பு மட்டுமே சொல்லக்கூடியதற்கு மீதிப் பக்கங்களை வையுங்கள். 1960, 61 சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசின்கீழ் வந்த கதையைத் தொட்டால், தங்கள் நிர்வாகத்திலேயே வைத்துக்கொண்ட பாடசாலைகள் கட்டணம் அறவிட முடியாத நிலையில் நடந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஆண்டுகளில் குருமாரும் ஆசிரியர்களும் என்ன பாடுபட்டு வகுப்பு நடத்தினார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

கல்லடி_நிழற்படம்

குழுப் படங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் எங்கள் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். உரிக்கவேண்டாம். படத்தின் மேற்படை கண்ணாடியோடு வந்துவிடும், முகங்கள் அதில்தான் இருக்கின்றன. பின்பலகையை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனருக்குப் பெரிதென்றால் நிழலான இடத்தில், யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படமெடுங்கள். போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது. பிளாஷ் கூடாது.

ஸ்கேன் 600 டி.பி.ஐ. ஆறு அங்குலப் படம் 3600 புள்ளி அகலம் வரும்; அதை மலரில் 300இல் அச்சிட்டால் 12 அங்குலம் வரை தாங்கும். டிஃப் கோப்பாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; பின்வரிசை முகமெல்லாம் பூசினமாதிரி ஆகிவிடும். ‘டொக்கியுமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். அச்சகத்துக்குப் போகும் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

70களின் கலர்ப் படம் சிவந்துபோயிருந்தால் பயப்படவேண்டாம். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் அப்படி. கறுப்பு வெள்ளையாக மாற்றி அச்சிட்டால் முகம் தெளியும்.

படம் திருப்பி அச்சிடப்பட்டதா என்று பாருங்கள். நெகட்டிவைப் பிழையாக வைத்துக் கழுவியிருந்தால் இடம் வலமாகியிருக்கும். பெயர்கள் முழுவதும் தலைகீழாகும். சட்டைப் பையைப் பாருங்கள். போட்டிருப்பவரின் இடது நெஞ்சில், அதாவது படத்தில் உங்களுக்கு வலப்பக்கம் பை இருக்கவேண்டும். எல்லோருக்கும் இடப்பக்கம் இருந்தால் திருப்பிப் போட்ட படம்.

பெயரிட: படத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து ஒவ்வொரு தலையையும் கோட்டால் வரைந்து எண் போடுங்கள். எண் போட்ட கோட்டுப்படத்தையும் படத்தையும் சேர்த்து அனுப்பி, “எண் 17 யார்?” என்று கேளுங்கள். “பின்வரிசையில் மூன்றாவது” என்றால் ஒருவர் இடமிருந்து எண்ணுவார், மற்றவர் வலமிருந்து எண்ணுவார். ஒரு முகத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலில் வையுங்கள். தெரியாத முகத்துக்கு “பெயர் அறியப்படவில்லை” என்று அச்சிட்டால் குற்றமில்லை. பிழையான பெயர் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது ஆறாது.

இன்னொன்று: குழுப் படம் எடுத்த அன்று வராத ஆட்களும் இருப்பார்கள். கீழே “படத்தில் இல்லாதோர்” என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

படுவான்கரை76

மிகவும் பயனுள்ள விவரங்கள். இடாப்பு வரிசையைக் கேட்டு இன்றே குரல்பதிவு கேட்டிருக்கிறேன். பூசைக்கு ஓகஸ்ட் 8 அல்லது 15 சனிக்கிழமை காலை என்று நினைத்திருக்கிறோம். இறந்த வகுப்புத் தோழர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆத்துமப் பூசையாகவே வைக்க விருப்பம். 90இல் போர்க்காலத்தில் காணாமற்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எங்கே வைப்பது என்பதில் குழுவுக்குள்ளேயே மனவருத்தம். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

சக்கிறிஸ்தி

திகதியை முதலில் பங்குச் சுவாமியிடம் கேட்டுவிட்டு அழைப்பிதழ் அடியுங்கள். மண்டபத்தை முற்பதிவு செய்துவிட்டுக் கோயிலுக்குப் போவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை.

ஆத்துமப் பூசையின் செபங்களும் வாசகங்களும் அப்படியே வேண்டுமென்றால், பொதுக்காலத்துச் சாதாரண வாரநாளில்தான் முடியும். கட்டாய நினைவுநாள் உள்ள நாளிலும் முடியாது. 2026 ஓகஸ்டில் சனிக்கிழமைகளைப் பாருங்கள். 1ஆம் திகதி புனித அல்போன்ஸ் லிகோரி, 8 புனித தொமினிக், 22 மாதா அரசி, 29 திருமுழுக்கு யோவானின் பாடுகள். நாலும் கட்டாய நினைவு. 15 மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. ஆகவே சனி ஒன்றும் ஒத்துவராது. ஞாயிறும் சனி மாலையும் ஞாயிறுப் பூசைதான்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, வாரநாள்: 18 செவ்வாய் அல்லது 19 புதன் காலை. உங்கள் வயதில் பலர் ஓய்வுபெற்றவர்கள் என்பதால் இது கடினமில்லை. மற்றது, சனிக்கிழமையே வைத்து அன்றைய திருநாள் பூசையை இறந்தவர்களின் கருத்துக்காக ஒப்புக்கொடுப்பது. உடுப்பின் நிறமும் வாசகமும் அன்றைய நாளுக்குரியதாக இருக்கும், கருத்து உங்களுடையது. பெயர்களைத் தொடக்கத்திலும் விசுவாசிகள் மன்றாட்டிலும் வாசிக்கலாம். பலனில் குறைவில்லை. கத்தோலிக்கர் அல்லாதவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடுள்ளவர், இறந்தவர் யாருக்காகவும் முடியும் என்று திருச்சபைச் சட்டம் 901 சொல்கிறது. ஆகவே சைவ, இஸ்லாமியத் தோழர்களின் பெயரைத் தனிப் பட்டியலாக ஒதுக்கவேண்டாம். அவர்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒரே பட்டியலில் வாசியுங்கள்.

பட்டியலில் மிகக் கவனம். உயிரோடு இருப்பவர் பெயர் இறந்தோர் பட்டியலில் போய்ச் சேர்வது ஒன்றுகூடல்களில் நடக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதாலும், ‘கேள்விப்பட்டேன்’ என்று ஒருவர் சொன்னதை எழுதிவிடுவதாலும். ஒவ்வொரு பெயருக்கும் குடும்பத்தில் ஒருவர் வாயால் உறுதி வேண்டும். பெயரை அழைக்கும் முறையையும் கேட்டு எழுதுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்டது ஒன்று, இடாப்பில் இருந்தது ஒன்றாக இருக்கும். பீடத்தில் வாசிக்கும்போது ஞானஸ்நானப் பெயரும் இடாப்புப் பெயரும் சேர்ந்து வரட்டும், எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும். 40 பெயரென்றால் நிறுத்தி வாசிக்க நாலு நிமிடம் போகும். இரண்டு பேராக மாறி வாசித்தால் குரல் தளராது.

காணாமற்போனோர் விடயத்தில் குழுவுக்குத் தீர்மானிக்க உரிமையில்லை. தாயோ மனைவியோ பிள்ளையோ சொல்லவேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்காமல் இன்றும் காத்திருக்கும் வீடுகள் மட்டக்களப்பில் எத்தனையோ. அந்த வீட்டுப் பெயரை இறந்தோர் பட்டியலில் கேட்டால் அந்தத் தாய் கோயிலிலேயே உடைந்துபோவார். மலரிலும் மன்றாட்டிலும் “காணாமற்போன எங்கள் தோழர்கள்” என்று தனியாக வையுங்கள். மன்றாட்டும் வேறாக இருக்கட்டும்: அவர்கள் இருக்கும் இடம் இறைவனுக்குத் தெரியும், அவர்களையும் காத்திருப்போரையும் காத்தருளும் என்ற அளவில் போதும். மெழுகுதிரி ஏற்றுவதாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திரி. கறுப்பு நாடா, மாலை போட்ட படம் என்பவை அவர்களுக்கு வேண்டாம்.

கூடைப்பந்தாட்டம் பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளாரையும் இந்த இடத்தில் நினைக்கவேண்டும். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் சாரதியோடு காணாமற்போனார். 15ஆம் திகதியை ஒட்டி ஒன்றுகூடல் வைப்பதாக இருந்தால், அவர் பெயரையும் கூடச் சென்ற சாரதியின் பெயரையும் சேர்த்தே வாசியுங்கள். சாரதியை விட்டுவிடுகிறார்கள்.

நற்கருணை நேரத்தில் மற்றச் சமயத்தவர் தடுமாறாமல் இருக்க, பூசை தொடங்குமுன்பே ஒருவர் அமைதியாக அறிவிக்கவேண்டும்: வாங்கிலேயே இருக்கலாம், விரும்பினால் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து வரிசையில் வந்து ஆசீர் பெறலாம். அந்த நேரத்தில் அறிவித்தால் எழுந்தவர்கள் நடுவழியில் நின்றுவிடுவார்கள். முதலாம் வாசகம் கத்தோலிக்கரிடம் கொடுங்கள். தொடக்க வரவேற்பு, பெயர் வாசிப்பு, கடைசி நன்றியுரை மற்றவர்களிடம் போகட்டும். மெதடிஸ்த தோழர்களுக்கும் இதே ஒழுங்குதான். அவர்களைக் கேட்காமல் ‘எல்லோரும் கிறிஸ்தவர்தானே’ என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

காத்தான்குடி_வாசகன்

திகதி பற்றி இன்னும் இரண்டு விடயம். ஓகஸ்ட் 12 ஆடி அமாவாசை, மாமாங்கக் கோயில் தீர்த்தம். அதற்கு முந்திய நாட்கள் திருவிழா. அமிர்தகழி வீதியில் வாகனம் அசையாது; சைவத் தோழர்கள் பலர் விரதத்தில் இருப்பார்கள்; தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்பவர்கள் 12ஆம் திகதி வேறெங்கும் வரமாட்டார்கள். அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள். மாத இறுதியில் மீலாத் தினம் வருகிறது. சக்கிறிஸ்தி சொன்ன 18 அல்லது 19 எல்லோருக்கும் இடைஞ்சல் இல்லாதது. வெள்ளி எடுத்தால் ஜும்ஆவுக்காக 12 மணிக்கே நாங்கள் எழும்பவேண்டும். திரும்பி வர ஒன்றரை ஆகும். அந்தளவு நேரம் சாப்பாட்டைத் தள்ளமுடியாது. வெள்ளியில் சைவர்கள் மச்சம் சாப்பிடமாட்டார்கள் என்பதும் சேர்ந்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒரே சமையல்காரர், இரண்டு அடுப்பு, கரண்டி வேறு வேறு. இறைச்சி ஹலாலாக வாங்கிவிட்டால் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடலாம். ‘முஸ்லிம் சாப்பாடு’ என்று தனி மேசை போடவேண்டிய தேவை இல்லை. மரக்கறி மட்டும் தனியாகச் சமைத்துத் தனி மேசையில் வையுங்கள். சோற்று மேசையோடு சேர்த்து வைத்தால் மீன் கரண்டி மாறிவிடும். 60 பேர், 65 வயதைத் தாண்டியவர்கள்: 7 கிலோ அரிசி தாராளம். அதில் 2 கிலோ சிவப்புப் பச்சையரிசியாக இருந்தால் சலரோகக்காரர் நன்றி சொல்வார்கள். மீன் 9 கிலோ முழு மீனாக எடுத்தால் வெட்டிய பின் ஆறு, ஆறரை கிலோ மிஞ்சும். ஆளுக்கு ஒரு துண்டு போக மேலதிகம் இருக்கும். வாவி இறால் விலை பார்த்து. எருமைத் தயிர் ஒன்றரை லீற்றர் சட்டி எட்டுப் பேருக்கு. எட்டுச் சட்டி எடுங்கள், ஆனால் அன்று காலையே எடுங்கள். முதல்நாள் வாங்கி வைத்தால் ஓகஸ்ட் வெக்கையில் புளித்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கேட்பதும் அதைத்தான்.

கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பதைப் பூசை முடிந்த கையோடு, பத்து மணிக்குள் வையுங்கள். பத்தரைக்குப் பிறகு கச்சான் காற்று (வரண்ட தென்மேல் காற்று) தொடங்கினால் மைதானத்தில் நிற்கமுடியாது. மாடிப்படி ஏற முடியாதவர்கள் இருப்பார்கள். பழைய வகுப்பறை மேல்மாடியில் இருந்தால் ஒருவர் போனில் நேரடியாகக் காட்ட, கீழே இருப்பவர்கள் பார்க்கலாம். பாடசாலை நடக்கும் நாளென்றால் வகுப்புகளுக்குள் நுழையக்கூடாது. அதிபரிடம் எழுத்தில் அனுமதி, வருபவர்களின் பெயர்ப் பட்டியல் இரண்டும் முன்கூட்டியே கொடுங்கள்.

சமயப் பாடம் பற்றி மலர்க்குழு கேட்கச் சொன்ன கேள்வியை இஸ்லாமிய மாணவர்களிடமும் கட்டாயம் கேளுங்கள். மௌலவி வந்தாரா, பாடம் எந்த அறையில், நோன்பு மாதத்தில் விளையாட்டுப் பயிற்சிக்கு என்ன ஒழுங்கு, வெள்ளி எத்தனை மணிக்கு விட்டார்கள்? கத்தோலிக்கக் கல்லூரியின் கதையில் இது ஒரு பெரிய பங்கு. மலர்களில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

படுவான்கரை76

18 செவ்வாய் என்று குழுவில் வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்தும் ஒப்புதல் வந்துவிட்டது. கடைசியாக மூன்று விடயம். பட்டப்பெயர்களை மலரில் போடலாமா? அடித்த ஆசிரியர்களைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அதை என்ன செய்வது? அச்சகம் கட்டுரைகளை ‘பாமினி’யில் (பழைய தமிழ் எழுத்துரு முறையில்) கேட்கிறது. எங்களுக்கு வந்ததெல்லாம் போனில் தட்டிய யூனிகோட்.

மலர்க்குழு

பட்டப்பெயர்: ஆள் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சரியென்றால் போடுங்கள். இறந்தவர், காணாமற்போனவர் விடயத்தில் போடவேண்டாம். பேரப்பிள்ளை வாசிக்கும். உடல் குறையை, சாதியை, ஊரை வைத்து வந்த பெயர் யார் சம்மதித்தாலும் அச்சில் வரக்கூடாது. ஆசிரியர்களின் பட்டப்பெயரும் அப்படியே.

பிரம்படி அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதை மறைத்து எழுதினால் மலர் பொய்யாகும். ஆனால் யார் அடித்தார் என்று பெயர் வேண்டாம், எதற்கு அடி விழுந்தது என்ற ஒழுங்கை எழுதுங்கள்: வீட்டுவேலை செய்யாததற்கு, பூசைக்குப் பிந்தியதற்கு, தமிழ் தவிர வேறெதற்கும் கொப்பி கொண்டுவராததற்கு. ஒருவர் எழுதியது வெறும் அடியைத் தாண்டிய காயமாக இருந்தால், மலரைத் தொகுப்பவர்கள் அதைச் சுருக்கவும் வேண்டாம், மென்மையாக்கவும் வேண்டாம். அவரோடு நேரில் கதைத்து, அச்சில் வருவது அவருக்கு விருப்பமா என்று கேட்டுச் செய்யுங்கள்.

அச்சகம் பாமினியில் கேட்டாலும் நீங்கள் யூனிகோடிலேயே திருத்தி முடியுங்கள். முழுத் திருத்தமும் முடிந்த பின் ஒரே தடவையில் மாற்றிக் கொடுங்கள். பாமினியில் திருத்தத் தொடங்கினால் இரண்டு பிரதிகள் இரண்டு வழியில் போகும். மாற்றும்போது உடைவது ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகள், எண்களுக்கு நடுவில் வரும் கோடுகள், ஔகாரம். கொம்பு எழுத்துகளில் இடைவெளி விழுந்தால் வரி முறியும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். பெயர்ப் பட்டியலை மட்டும் அச்சு நகலில் இருவர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்து, எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வெளிநாட்டுக் குருமாரின் பெயர்கள் கட்டுரைக்குக் கட்டுரை வேறு வேறு எழுத்தில் வந்திருக்கும். பொனல், பொனெல், பொன்னெல் என்று மூன்று ஆளாகிவிடும். தொடங்கும் முன்பே ஒரு தாளில் எல்லாப் பெயருக்கும் ஒரே எழுத்தை முடிவு செய்து எல்லோருக்கும் கொடுங்கள்.

64 பக்கம் என்பது நடுவில் கம்பி அடிப்பதற்கு மேல் எல்லை. தடித்த தாள் எடுத்தால் மலர் விரிந்து நிற்கும். உள்ளே 80 கிராம், படப் பக்கங்கள் 16ஐ மட்டும் ஆர்ட் தாளில் ஒன்றாக நடுவில் வைத்தால் செலவும் குறையும், படமும் தெளியும். பக்க எண்ணிக்கை நாலால் பிரியவேண்டும். ஆசிச் செய்திகள் பிந்தித்தான் வரும், அதற்கு நாலு பக்கத்தை முன்பக்கத்தில் வெறுமையாக ஒதுக்கிவிட்டு மற்றதை முடியுங்கள். யூலை 20க்குள் கடைசி நகல் அச்சகத்தில் இருக்கவேண்டும். கடைசி நாலு பக்கத்தை வெறும் கோட்டுத் தாளாக விடுங்கள். அன்று சாப்பிட்ட பின் நடக்கும் கதையில் வரும் பெயர்களும் திருத்தங்களும் அங்கேயே எழுதப்படும். அதைப் படமெடுத்து ஒருவரிடம் சேர்க்கவேண்டும் என்று காலையிலேயே அறிவித்துவிடுங்கள்.